இன்னும் எதற்கு?

நாயுடுபுரத்தில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு முன்னால் ஒரு பேரிக்காய் மரம் நிற்கிறது. மரம் வீட்டுக்காரருடையது, காய்கள் தெருப் பிள்ளைகளுடையவை. ஏரிக்கரையில் குதிரையும் சைக்கிளும் வாடகைக்கு எடுத்துச் சுற்றுகிற பயணிகள் இந்தப் பக்கம் அதிகமாக எட்டிப் பார்ப்பதில்லை. அவர்களுக்காக விடுதிகளில் படுக்கை விரிப்பவர்கள், ஜீப் ஓட்டுகிறவர்கள், காரட்டும் பூண்டும் லாரியில் ஏற்றுகிறவர்கள், இவர்கள்தாம் என் அண்டை அயலார். நாவல் எழுதுவதற்கு அமைதியான இடம் என்று நினைத்து வந்தேன். அமைதி கிடைத்தது, நாவல் மட்டும் பாதியில் நிற்கிறது. இருக்கட்டும், அது வேறு கதை.

2023ஆம் ஆண்டில், மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், எதிர்வீட்டுக்காரர் அந்த மரத்தடியில் நின்றுகொண்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவர் லாரிக்குக் காய்கறி மூட்டை ஏற்றுகிறவர். அதிகம் பேசாத மனிதர்.

"கட்டிதான் கரைஞ்சு போச்சேங்கய்யா. இன்னும் எதுக்கு?"

இந்தக் கேள்விக்கு நான் அன்று சொன்ன பதில் தவறானது. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அவருடைய மகன் 2018இல் பிறந்தவன். இந்த மலையில் குறிஞ்சி பூத்த வருஷம் அது. அதனால் அவனுடைய அப்பத்தா அவனைக் 'குறிஞ்சிப் பிள்ளை' என்றே சொல்லுவாள். ஐந்து வயது ஆகும்போது அவன் கழுத்தின் இடப் பக்கத்தில் நெறி கட்டியது. சளி பிடித்தாலும், பல்லில் சொத்தை விழுந்தாலும், தலையில் புண் வந்தாலும் குழந்தைகளுக்கு நெறி கட்டுவது சகஜம். சில நாளில் வாடிவிடும். இது வாடவில்லை. வலிக்கவும் இல்லை. வலிக்காத கட்டியைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்? அப்பத்தா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டாள். கீழே ஓர் ஊரில் இருந்த டாக்டர் ஒருவர் தொட்டுப் பார்த்துவிட்டு, காசநோயாக இருக்கும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அந்த டாக்டரை நான் திட்டப் போவதில்லை. நம் நாட்டில் குழந்தையின் கழுத்தில் நாட்பட்டு நிற்கும் கட்டி பெரும்பாலும் காசநோயாகத்தான் இருக்கிறது. நம் முன்னோர் அதற்குக் கண்டமாலை என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். கழுத்தைச் சுற்றி மாலை போட்டாற்போல் கட்டிகள் வருவதால் அந்தப் பெயர். ஆனால் நிணநீர்ச் சுரப்பிகளில் வரும் புற்றுநோயும் இதே வேஷத்தில்தான் வருகிறது. இதே கழுத்து, இதே காய்ச்சல், இதே மெலிவு, இரவில் இதே வியர்வை. ஒரு துண்டு சதையை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலொழிய இரண்டையும் பிரித்தறிய முடியாது. பார்க்காமலே மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில் எத்தனையோ பிள்ளைகளுக்கு மாதங்கள் கழிந்துவிடுகின்றன. இவனுக்கும் நான்கு மாதம் கழிந்தது. கடைசியில் மதுரையில்தான் சதையை எடுத்துப் பார்த்துப் பெயர் சொன்னார்கள்: ஹாட்ஜ்கின் நோய்.

ஹாட்ஜ்கின் என்பது ஒரு மனிதருடைய பெயர். லண்டனில் கைஸ் ஆஸ்பத்திரியில் இறந்தவர்களின் உடலை அறுத்துச் சோதிக்கும் வேலை பார்த்தவர் தாமஸ் ஹாட்ஜ்கின். நிணநீர்ச் சுரப்பிகளும் மண்ணீரலும் வீங்கி இறந்துபோன ஏழு பேரைப் பற்றி 1832இல் எழுதினார். அவர்களில் ஒருவன் ஒன்பது வயதுச் சிறுவன். மேல்நாட்டில் இந்த நோய் பெரும்பாலும் வாலிபத்தில் வருகிறது; நம் நாட்டிலோ பத்து வயதுக்குள்ளேயே, அதிலும் ஆண் குழந்தைகளிடம், நிறையத் தோன்றுகிறது. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் நன்றாகக் குணமாகக் கூடியவற்றில் இது ஒன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். வைத்தியத்தை முழுக்கச் செய்துகொண்டால் பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பிள்ளைகள் பிழைக்கிறார்கள். 'முழுக்க' என்ற சொல்லில்தான் சங்கடம் இருக்கிறது.

பையனுக்கு ஆறு சுற்று மருந்து என்றார்கள். சுற்றுக்கு இரண்டு தடவை, பதினைந்து நாளைக்கு ஒரு முறை. ஆக மொத்தம் 12 தடவை மதுரைக்குப் போக வேண்டும். அந்த மருந்துகளில் ஒன்று ரோஜாப்பூ சர்பத்துப் போலச் சிவப்பாக இருக்கும். அது உடம்பில் ஏறினால் சிறுநீரும் சிவந்து போகும். முதல் தடவை அதைப் பார்த்துப் பையன் ரத்தம் என்று பயந்து அலறினான். வாந்தி, வாய்ப்புண், சோற்றைக் கண்டால் அருவருப்பு, எல்லாம் வந்தன. ஆனால் கட்டி? அது முதல் சுற்றிலேயே இளகிவிட்டது. இரண்டாவது சுற்று முடிந்தபோது விரலால் அழுத்தித் தேடினாலும் அகப்படவில்லை.

அதே சமயத்தில்தான் தலைமுடியும் உதிர்ந்தது. மாத்திரைக்குக் கட்டி அசையாத நாளில் அப்பத்தா, 'பிள்ளை பிழைத்தால் பழநிக்கு வந்து மொட்டை போடுகிறேன்' என்று வேண்டிக்கொண்டிருந்தாள். நேர்ந்துகொண்ட முடி தலையணையில் கொத்துக் கொத்தாகக் கிடப்பதைக் கண்டதும் அவளுக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. "முருகனுக்குச் சொன்ன முடியை ஊசிக்காரன் புடுங்கிக்கிட்டானே! கடனை எதைக் கொண்டு கழிப்பேன்?" என்று வாசலில் உட்கார்ந்து அழுதாள். குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்கம் போனால், பனி இல்லாத காலையில் பழநி மலை கண்ணுக்குத் தெரியும். அங்கே போய் நின்று வெகு நேரம் கீழே பார்த்துக்கொண்டிருப்பாளாம். படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தைக்காக அவளால் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான்.

இப்படியிருக்கும்போதுதான் தகப்பனார் மரத்தடியில் வந்து நின்றார். கட்டி இல்லை. பையன் ஓடுகிறான், விளையாடுகிறான், பேரிக்காய் மேல் கல் எறிகிறான். இன்னும் எட்டுத் தடவை எதற்கு? "நீங்க நாலு எழுத்துப் படிச்சவங்க, சொல்லுங்கய்யா" என்றார்.

"பெற்றவர் நீங்கள். உங்களுக்குத் தெரியாததை நான் என்ன சொல்லப் போகிறேன்?" என்றேன்.

நாகரிகமான பதில் அல்லவா? அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்காத பெருந்தன்மை, தகப்பனின் உரிமைக்குக் கொடுத்த மரியாதை என்று நானே அன்று இரவு மெச்சிக்கொண்டேன். அடுத்த ஊசிக்கான நாள் வந்தது. அவர்கள் பஸ் ஏறவில்லை. மறுநாள் பையன் வழக்கம்போல் மரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்தான். அவனை ஜன்னல் வழியாகப் பார்க்கும்போதுதான், நான் கொடுத்தது மரியாதை அல்ல, பொறுப்பு என் மேல் விழாதபடி ஒதுங்கிக்கொண்ட கோழைத்தனம் என்று உறைத்தது. சொல்லி ஏதாவது விபரீதமானால் பழி வருமே என்ற பயம், அவ்வளவுதான்.

பழைய சிநேகிதர் ஒருவர் டாக்டர். அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் ஒரு கதையும் ஒரு கணக்கும் சொன்னார்.

கதை 1942இல் நடந்தது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில், யுத்தத்துக்காக விஷவாயுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள், கடுகு வாயுவின் உறவான ஒரு மருந்தை நிணநீர்ப் புற்றுநோய் முற்றிய ஒரு மனிதருக்குச் செலுத்திப் பார்த்தார்கள். கழுத்திலும் மார்பிலும் இருந்த கட்டிகள் சில நாட்களிலேயே கரைந்தன. மூச்சுவிடவே திணறியவர் நன்றாகச் சாப்பிட்டார், தூங்கினார். பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். சில வாரங்களில் கட்டிகள் திரும்பி வந்தன. அந்த வருஷம் முடிவதற்குள் அவர் இறந்துபோனார். சில வருஷம் கழித்து, பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு வேறொரு மருந்து கொடுத்தபோதும் இதே நாடகம்தான். குழந்தைகள் எழுந்து விளையாடினார்கள். பிறகு மீண்டும் படுத்தார்கள்.

கணக்கு இது. சுண்டுவிரல் நகத்தளவு கட்டிக்குள் ஏறக்குறைய 100 கோடி உயிரணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு முறை மருந்து கொடுக்கும்போதும் அது இருப்பதில் ஒரு பங்கைத்தான் கொல்கிறது, எல்லாவற்றையும் கொல்வதில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதைக் கொன்றுவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாக்கி ஒரு கோடி. ஒரு கோடி உயிரணு கையில் தட்டுப்படாது, கண்ணுக்குத் தெரியாது. எலிகளை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியவர் ஹோவர்ட் ஸ்கிப்பர் என்ற விஞ்ஞானி, அது 1964இல். அதே ஆண்டில்தான் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் நான்கு மருந்துகளைச் சேர்த்து, நோய் கண்ணிலிருந்து மறைந்த பிறகும் விடாமல், மாதக்கணக்கில் ஹாட்ஜ்கின் நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்பு முற்றிய நோயில் பிழைத்தவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு ஏறக்குறைய பாதிப் பேர் வருஷக்கணக்கில் உயிரோடு இருந்தார்கள். கட்டி மறைந்த பிறகு கொடுத்த மருந்துதான் அவர்களைக் காப்பாற்றியது.

நியாயமாகப் பேச வேண்டுமானால் எதிர்க்கட்சிச் சாட்சியையும் கூப்பிட வேண்டும். உகாண்டாவில் வேலை பார்த்த டெனிஸ் பர்க்கிட் என்ற சர்ஜன், குழந்தைகளின் தாடையில் அசுர வேகத்தில் வளரும் மற்றொரு நிணநீர்ப் புற்றுநோயை 1958இல் உலகத்துக்குக் காட்டினார். சிறு வயதிலேயே ஒரு கண்ணை இழந்தவர் அவர். ஒற்றைக் கண்ணால் மற்றவர்கள் பார்க்காததைப் பார்த்தார். அவருடைய சின்ன நோயாளிகளில் சிலர், ஓரிரு தடவை மட்டுமே மருந்து ஏறியவர்கள், வருஷங்களுக்குப் பிறகும் சுகமாக இருந்தார்கள். ஆக, பாதியில் விட்டவர்கள் எல்லாரும் சாவதில்லை. ஆசை காட்டி மோசம் செய்வது இந்த விதிவிலக்குத்தான். எந்தப் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமானால் மற்றதைப் பற்றிக் கவலை ஏது?

நான் எதிர்வீட்டுக்குப் போனேன். கோடிக் கணக்கெல்லாம் சொல்லிப் பார்த்தேன். என் காதுக்கே பாடம் ஒப்பிப்பது போலக் கேட்டது. அவர் வத்தலக்குண்டுப் பக்கத்திலிருந்து மலைக்கு வந்தவர். கடைசியில் அவரே, "அப்போ இது கோரை மாதிரிங்களா? மேலே பிடுங்கிட்டா தரை சுத்தமாத்தான் தெரியும். கிழங்கு கீழே கிடக்கும்" என்றார். ஆமாம் என்றேன். எவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "கோரை எடுக்கறப்ப நிலம் அழறதில்லைங்கய்யா" என்றார்.

இதற்குப் பதில் சொல்ல எந்தக் கணக்கும் உதவவில்லை. ஏனென்றால் அவர் இரண்டாவது கேள்விக்குப் போய்விட்டார். 'எதற்கு' என்பதற்கு டாக்டர் பதில் சொல்லலாம். 'யாரைக் கேட்டு' என்பதற்கு?

பெரியவனுக்கு நோய் வந்தால் அவனிடம் சொல்கிறோம். அவன் யோசித்து, வலியையும் வாழ்வையும் எடைபோட்டு, சரி என்கிறான். அல்லது போதும் என்கிறான். ஐந்து வயதுப் பிள்ளைக்கு நாளை மறுநாள் என்பதே மங்கலான சங்கதி. அவனுக்குத் தெரிந்தது இன்றைய ஊசி. நான் நன்றாகத்தானே இருக்கிறேன் என்று அவன் சொல்வது பொய்யும் அல்ல. அவன் உடம்பு அவனுக்குச் சொல்வதை அப்படியே சொல்கிறான். அவனை நான்கு பேர் பிடித்துக்கொண்டு குத்துகிறோம். பின்னால் வளர்ந்து அவன் கொடுக்கப்போகும் சம்மதத்தை இன்றைக்கே கடன் வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லலாம். ஆனால் அந்தக் கடனை அவன் ஒப்புக்கொள்வான் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

ஒப்புக்கொள்ளாமல் இருப்பதற்கும் நியாயங்கள் உண்டு. முதல் தலைமுறையில் பிழைத்த குழந்தைகளைக் கேளுங்கள். கதிர்வீச்சு பட்ட கழுத்தும் தோளும் வளராமல் சிறுத்துப்போயின. மார்பில் கதிர் பட்ட பெண் குழந்தைகள் சிலருக்கு, நாற்பது வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வந்தது. அந்த நான்கு மருந்துக் கூட்டினால் பிழைத்த பையன்கள் பலர் பிற்காலத்தில் பிள்ளை பெற முடியாதவர்களாயினர். டாக்டர்கள் இதையெல்லாம் மறைக்கவில்லை. தாங்களே எண்ணிப் பார்த்து எழுதினார்கள், மருந்தை மாற்றினார்கள், கதிரைக் குறைத்தார்கள். இன்று நாயுடுபுரத்துப் பையனுக்குக் குறைந்த கேட்டோடு வைத்தியம் நடக்கிறதென்றால், பெயர் தெரியாத எத்தனையோ பிள்ளைகளின் உடம்பில் கற்ற பாடம் அது. அவர்களையும் யாரும் கேட்கவில்லை.

ஆகவே உரிமை என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. குழந்தையைத் துன்புறுத்த யாருக்கும் உரிமை கிடையாது, பெற்றவர்களுக்குக் கூட. ஆனால் துன்புறுத்தாமல் விட்டுவிடவும் உரிமை கிடையாது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற மனிதன் ஒரு தவற்றைச் செய்தே ஆக வேண்டும். பிள்ளை உயிரோடு இருந்து நம்மைக் கோபித்துக்கொள்ள இடம் கொடுக்கிற தவற்றைச் செய்யலாம் என்பதுதான் என் கட்சி. கோபித்துக்கொள்வதற்கு அவன் இருக்க வேண்டுமே!

இன்னொன்று. சிகிச்சையை நடுவில் நிறுத்தியவர்களை ஆஸ்பத்திரிக் குறிப்பேடுகளில் 'கைவிட்டவர்கள்' என்று எழுதுகிறார்கள். நம் போன்ற நாடுகளில் குழந்தைகள் புற்றுநோயில் இறப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். அந்தச் சொல்லைக் கேட்டால் ஏதோ பெற்ற மனம் கல்லாகிவிட்டது போலத் தோன்றும். எதிர்வீட்டுக் கணக்கைப் பாருங்கள். மதுரை இங்கிருந்து 120 கிலோமீட்டர். மலை இறங்கி ஏறுகிற பஸ். ஒரு தடவைக்கு இரண்டு நாள் கூலி போகும். ரத்தத்தில் வெள்ளணு குறைந்திருந்தால், அடுத்த வாரம் வாருங்கள் என்று திருப்பி அனுப்பும் நாள் தனி. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் மருந்துச் செலவு போய்விடுகிறது. அது பெரிய உபகாரம், மறுக்கவில்லை. ஆனால் பஸ் கட்டணத்துக்கும் இட்லிக்கும் தகப்பன் இழந்த கூலிக்கும் காப்பீடு ஏது? தாய் விடுதி வேலையை விட்டாள். பன்னிரண்டு வயது அக்காள் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் உலை வைத்தாள். ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதிலும் கட்டி கரைந்த பிறகு! இவர்கள் கைவிட்டவர்களா, நான் கைவிட்டவனா? மரத்தடியில் நின்று கேட்டபோது நழுவியவன் நான் அல்லவா?

'எதற்கு' என்று கேட்டவர்கள் ஏழைகள் மட்டுமல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தது 1923இல். அதற்கென்று ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்று அவர் அலைந்தபோது, சாகப்போகிறவர்களுக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று அதிகாரத்தில் இருந்தவர்கள் கேட்டதாக டாக்டர் சாந்தா சொல்லியிருக்கிறார். அப்படியும் 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு அந்த ஆஸ்பத்திரி பிறந்தது. 1960இல் அங்கே குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி ஏற்பட்டது. 1980களில் அடையாறும் பம்பாய் டாட்டா ஆஸ்பத்திரியும் டில்லி எய்ம்ஸும் அமெரிக்காவில் வேலை பார்த்த டாக்டர் இயன் மக்ராத்தோடு சேர்ந்து, நம் நாட்டுக் குழந்தைகளுக்கு ஏற்றபடி ரத்தப் புற்றுநோய்க்கும் சிலவகை நிணநீர்ப் புற்றுநோய்க்கும் மருந்து முறை வகுத்தன. ரத்தப் புற்றுநோயில் பிழைக்கிற குழந்தைகளின் விகிதம் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. 2018இல், இங்கே குறிஞ்சி பூத்திருந்த செப்டம்பரில், உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு சங்கற்பம் செய்தது: உலகத்தில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் நூற்றுக்கு 60 பேராவது 2030க்குள் பிழைக்க வேண்டும். பணக்கார நாடுகளில் ஏற்கெனவே 80க்கு மேல். பல ஏழை நாடுகளில் 30கூட இல்லை. 2030இல் இங்கே மறுபடி குறிஞ்சி பூக்க வேண்டும். பையனுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

பதினேழு நாள் தாமதித்து மூன்றாவது சுற்றுக்குப் போனார்கள். அந்தத் தடவை தகப்பனாருக்கு லோடு வேலையை விட முடியவில்லை. தாயோடு நான் துணைக்குப் போனேன். விடியற்காலை பஸ்ஸில் பையன் என் மடியில் உட்கார்ந்து, வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தான். நல்ல சிநேகிதர்களாகிவிட்டோம் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் நரம்பு அகப்படவில்லை. பலமுறை குத்திக் குத்தி அது ஒளிந்துகொள்கிறது என்றாள் நர்ஸ். தாய் அவன் காலைப் பிடித்தாள். "சார், கையை நீங்க பிடிச்சுக்குங்க" என்றாள் நர்ஸ். இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். அந்தச் சின்னக் கைக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவன் நர்ஸையும் பார்க்கவில்லை, தாயையும் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்து, "விடுங்க தாத்தா, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றான். நான் விடவில்லை.

ஆறு சுற்றும் முடிந்தன. முடி மறுபடி வளர்ந்தது. முன்பைவிடச் சுருட்டையாக வளர்ந்தது. அப்பத்தா அதைப் பழநிக்குக் கொண்டுபோய்க் கடனைத் தீர்த்துவிட்டு, எனக்குப் பஞ்சாமிர்தம் கொடுத்தனுப்பினாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மதுரைக்குப் போய்ப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். இதுவரை ஒன்றும் இல்லை என்கிறார்கள். அக்காள் மறுபடி பள்ளிக்கூடம் போகிறாள். ஒரு வகுப்புப் பின்தங்கிவிட்டாள்.

பையன் எல்லாருடனும் பேசுகிறான், என்னைத் தவிர. பேரிக்காய்க் காலத்தில் மற்றப் பிள்ளைகள் என் வாசலிலேயே நின்று கல் எறிகிறார்கள். அவன் மட்டும் பின்பக்கத்து வேலியோரமாகச் சுற்றிக்கொண்டு போய், அங்கே விழுந்து கிடப்பதைப் பொறுக்கிக்கொள்கிறான். ஒருநாள் நான்கு நல்ல காய்களைப் பறித்து அவன் வீட்டுத் திண்ணையில் வைத்தேன். சாயங்காலம் பார்த்தபோது அவை என் வாசற்படியில் இருந்தன.